கேப்டனின் நான்கு நிமிடங்கள்

நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வாசலில் பித்தளைப் பலகையை ஓர் ஆள் துடைத்துக்கொண்டிருந்தான். கேப்டன் வாழ்ந்து முடித்த வீடு அது. பழுது பார்த்து, பதினைந்து நாளில் நினைவகமாகத் திறக்கப் போகிறார்கள். உள்ளே புதுச் சாயத்தின் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. நனைந்த கம்பளித் துணியை மூட்டையாகக் கட்டி வெகுநாள் மறந்துவிட்டால் வருமே, அது.

காப்பாளர் அம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜையில் அதையே தேடிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் வாட்ச் ரிப்பேர்காரரா? கொஞ்சம் வயசானவரா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"வேலை முடியறதுக்குள்ள ஆயிடுவேன் மேடம்."

அவர் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்பு சுவரில் பட்டுத் திரும்பவில்லை. போன இடத்திலேயே நின்றுவிட்டது.

கேப்டனைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஐந்தாம் வகுப்புப் பாடத்திலேயே அவர் வந்துவிடுவார். எதிரிப் படை ஆற்றை நெருங்கிவிட்ட நாள். நம் ஆட்கள் பாலத்தைக் கடந்து முடிக்க மாலை நாலு நாற்பது வரை நேரம். நாலு நாற்பதுக்குப் பாலம் தகர்க்கப்பட வேண்டும். கேப்டன் தன் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்று, முள் சரியாக நாலு நாற்பதைத் தொட்டபோது வெடிப்பெட்டியின் பிடியை அழுத்தினார். ஊர் பிழைத்தது. ஒரு விநாடி முந்தவில்லை, ஒரு விநாடி பிந்தவில்லை என்று பாடம் முடியும். பரீட்சையில் அந்த வரிக்கு இரண்டு மதிப்பெண்.

அந்தக் கடிகாரம் இப்போது என் உள்ளங்கையில் இருந்தது. கறுப்பு டயல். இருட்டில் ஒளிர்வதற்காக முட்களில் பூசிய சாந்து பழுத்துக் கருகிய நிறத்தில் இருந்தது. எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

"திறப்பு விழா அன்னிக்கு இது ஓடணும்," என்றார் அவர். "நாலு நாற்பதை முள் தாண்டறத எல்லாரும் பாக்கணும். அதுதான் விழாவே."

சுவரில் ஒரு புகைப்படம். சீருடையில் இரண்டு பேர். கேப்டன் பக்கத்தில் நிற்பவனின் தோளில் இடது கையைப் போட்டிருந்தார். அந்தப் பையனுக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை.

"பக்கத்துல யாரு?"

"அவரோட தம்பி. அதே போர்ல போயிட்டார். அவ்வளவுதான் எழுதி வெச்சிருக்காங்க."

தோளில் கிடந்த கையைப் பார்த்தேன். மேலே வார் மட்டும் தெரிந்தது; கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உட்புறம் இருந்தது. கண்ணாடி பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடாமல் இருக்கச் சிப்பாய்கள் பலர் அப்படித்தான் கட்டுவார்கள். நான் அதை மனதில் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பை எடுக்காமல் வந்திருக்கலாம்.

என் வீட்டின் முன்னறைதான் என் பட்டறை. பின்னறையில் என் தம்பி இருக்கிறான். லாரி ஓட்டியவன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வளைவில் எல்லாம் முடிந்தது. கழுத்துக்குக் கீழே அவனுக்கு எதுவும் அசையாது. மூச்சையும் ஓர் இயந்திரம்தான் முகமூடி வழியாக அவனுக்குள் அனுப்பி வாங்குகிறது. அது மூச்சை வெளியே விடும் இடைவெளியில் மட்டும் பேசுவான். அதனால் அவன் பேச்சு எப்போதும் துண்டு துண்டாக வரும். இயந்திரத்தின் முகப்பில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினால் கீச்சிடும்; மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் இயந்திரம் நின்றுவிடும். நின்றால் அவனுக்கு நாலைந்து நிமிடம்தான் என்றார் மருத்துவர். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"என்னண்ணே... கேப்டன் வாட்ச்சா?... கொஞ்சம் காட்டு."

கண்ணருகே பிடித்துக் காட்டினேன்.

"இதப் பாத்துத்தான்... பரீட்சைல நான் ரெண்டு மார்க்கு... விட்டேன். ஒரு நிமிஷம் முந்தவில்லைன்னு... எழுதிட்டேன்."

"நீ பாஸானதே பெரிய விஷயம்."

"யாரு சொன்னா... பாஸானேன்னு?"

கடிகாரத்தைத் திறந்தேன். பின்மூடியின் உட்புறத்தில், ஊசியால் கீறிய சிறு எழுத்தில் ஒரு தேதி இருந்தது. சீர் செய்கிறவர்கள் அப்படித்தான் கீறி வைப்போம். திறந்து பார்க்கும் இன்னொரு ரிப்பேர்காரனைத் தவிர வேறு யாரும் அதைப் பார்ப்பதில்லை. பாலம் தகர்க்கப்பட்டதற்கு முந்தைய நாளின் தேதி அது. யாரோ ஒருவர், அவசரத்தில், ஒரே மாலையில் வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறார்.

கழற்றினேன், கழுவினேன், எண்ணெய் வைத்தேன். ஆறு நாள் பட்டறைப் பெஞ்சில் ஓடியது. படுக்க வைத்தாலும் நிற்க வைத்தாலும் நாளுக்கு நாலு விநாடிக்கு மேல் மாறவில்லை. அந்த வயதுக்கு அது அதிசயம்.

ஆனால் பெஞ்சில் சரியாக ஓடும் கடிகாரம் கையிலும் சரியாக ஓடும் என்று என் தொழிலில் யாரும் நம்பமாட்டார்கள். உடம்பின் சூடு வேறு, கையின் ஆட்டம் வேறு. ஒன்றிரண்டு நாள் கட்டிப் பார்த்துத்தான் கொடுப்போம். என் வழக்கம் இன்னும் ஒரு படி மேலே. உரியவர் எப்படிக் கட்டுவாரோ அப்படியே கட்டிப் பார்ப்பேன். இடக்கைக்காரருடையதை வலக்கையில். தளர்த்திக் கட்டுபவருடையதைத் தளர்த்தி.

திங்கள் மாலை நாலரைக்கு, நேரத்தைப் போனுடன் சரிபார்த்து, கேப்டனின் கடிகாரத்தை இடது மணிக்கட்டின் உட்புறம் கட்டிக்கொண்டேன். பின்மூடி எலும்பில் படவில்லை. நாடியின் மேல் உட்கார்ந்தது. முதலில் சில்லென்றிருந்தது. பிறகு எது நாடி, எது கடிகாரம் என்று பிரித்தறிய முடியவில்லை.

செவ்வாய் மாலை வேறொரு வேலையில் குனிந்திருந்தேன். கையைத் திருப்பிப் பார்த்தேன். நாலு நாற்பது. போனைப் பார்த்தேன். நாலு முப்பத்தாறு.

ஒரு நாளில் நாலு நிமிடம். அப்படி ஆகவே ஆகாது. சூட்டில் சில விநாடிகள் மாறலாம், நாலு நிமிடம் மாறாது. லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தேன்.

அடுத்த கணம் நான் பின்னறையில் நின்றுகொண்டிருந்தேன்.

தம்பியின் கட்டிலருகே. நாற்காலியிலிருந்து எழுந்ததும் நடந்ததும் நினைவில் இல்லை. கடிகாரத்தில் நாலு நாற்பத்திநாலு. சுவரில் நாலு நாற்பது. அறையில் ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது.

"என்னடா?" என்றேன்.

"என்னண்ணே... நீதான வந்தே." என்னையே உற்றுப் பார்த்தான். "நாடகம் போடறியா?"

தூக்கக் குறைவு என்று நினைத்துக்கொண்டேன். கடிகாரத்தின் நேரத்தைத் திருத்தினேன். கழற்றவில்லை. இரண்டு நாள் ஓட்டம் முடியாமல் கழற்றுவது என் வழக்கமில்லை.

புதன்கிழமை நான் விழித்துக்கொண்டபோது இயந்திரம் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

என் வலது கை சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது.

தம்பியின் கண்களிலிருந்து நீர் வழிந்து முகமூடியின் ஓரத்தில் தேங்கியிருந்தது. "இல்லண்ணே... இல்ல... இன்னும் கடக்கல... இன்னும் கடக்கல," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

கையை இழுத்துக்கொண்டேன். கீச்சொலி அடங்கி, இயந்திரம் மூச்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அவன் பேசும் நிலைக்கு வர வெகுநேரம் ஆனது. நான் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"நேத்து நீ வந்து நின்னே... இடது கையத் திருப்பிப் பாத்தே... வலது கைய இதுமேல வெச்சே. அப்புறம் கேட்டே... 'கடந்துட்டியா?'ன்னு."

"நானா?"

"உன் குரல்தான்... ஆனா நீ இல்ல. நான் வெளையாட்டுன்னு நெனச்சு... எங்க கடக்கறது, படுத்துல்ல கெடக்கறேன்னேன். நீ பேசாம... அப்படியே நின்னே. நாலு நிமிஷம்."

"இன்னிக்கு?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னிக்குக் கடந்துட்டேன்னு... சொல்லித் தொலச்சேன்."

நான் துணியை அவன் நெற்றியிலிருந்து எடுத்தேன்.

"உடனே அழுத்திட்டே அண்ணே. ஒண்ணு... ரெண்டுன்னு மனசுக்குள்ள எண்றேன். இல்ல, இன்னும் பாலத்துலதான்னு கத்தினேன்... அப்புறம்தான் விட்டே. விட்டு விட்டு... அழுத்திக்கிட்டே இருந்தே."

பாலம் என்ற சொல் அவன் வாயில் எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

அன்றே கழற்றிவிட்டேன். இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். வியாழன் மாலை நாலரைக்கு என் வலது கையைப் பெஞ்சின் காலோடு கயிற்றால் கட்டிக்கொண்டேன். தம்பியின் போன் அவன் குரலுக்குக் கட்டுப்படும். நான் சொன்னபடி அவன் அதில் ஒலிப்பதிவை ஓடவிட்டான்.

விழித்தபோது கட்டிலருகே நின்றிருந்தேன். கயிறு அவிழ்க்கப்பட்டு, படையில் சுருட்டுவதைப் போல ஒரே அளவில் சுருட்டப்பட்டு மேஜைமேல் இருந்தது.

கடிகாரம் என் மணிக்கட்டின் உட்புறம் இருந்தது.

பதிவைக் கேட்டோம். காலடி ஓசை. நான் பூட்ஸ் அணிவதில்லை, அது பூட்ஸின் ஓசை. பிறகு என் குரல், என்னுடையது அல்லாத நிதானத்தில்:

"கடந்துட்டியா?"

"இன்னும் இல்லண்ணே," என்கிறான் தம்பி. "பாலத்துலதான்... இருக்கேன்."

அதன்பின் நாலு நிமிடம் இயந்திரத்தின் மூச்சு மட்டும்.

மறுநாள் காலை, வழக்கமாக வரும் நர்ஸைத் தம்பியுடன் இருக்கச் சொல்லிவிட்டு நினைவகத்துக்குப் போனேன். கடிகாரத்தைக் காப்பாளர் அம்மாவின் மேஜையில் வைத்தேன்.

"மேடம், கையில கட்டினா இது நாலு நிமிஷம் முந்துது. பாலம் நெஜமாவே எத்தனை மணிக்கு வெடிச்சுது?"

அவர் தேடாமலே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கதவைச் சாத்தினார். ஒரு பழைய டைரியைப் பிரித்து என் பக்கம் தள்ளினார்.

"அக்கரையில இருந்த தந்திக்காரர் எழுதினது. நாலு முப்பத்தாறுன்னு இருக்கு. அவர் வாட்ச்தான் தப்புன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. கேப்டனோடது தப்பா இருக்குமா?"

"நாலு முப்பத்தாறுக்குப் பாலத்து மேல யார் இருந்தாங்க?"

வெளியே யாரோ ஆணி அடித்தார்கள். அவர் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"கடைசிப் பிரிவு. எட்டுப் பேர். கேப்டனோட தம்பி அதுலதான் இருந்தார்."

"அவருக்குத் தெரியுமா? கேப்டனுக்கு?"

"அவர் நின்ன இடத்துலேந்து பாலம் நல்லாத் தெரியும்," என்றார். "ஆனா அவர் வாட்ச்சத்தான் பாத்துக்கிட்டிருந்தார். அதுக்கப்புறம் முப்பது வருஷம் இந்த வீட்டுல இருந்தார். தெனம் சாயங்காலம் கொஞ்ச நேரம் அந்த ஜன்னல்கிட்டப் போய் நிப்பாராம். யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாராம்."

கடிகாரத்தின் வேகத்தைக் குறைக்க முடியுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெஞ்சில் அது சரியாகவே ஓடியது. முந்தைய நாள் அவசரத்தில் சீர் செய்த அந்த மனிதருக்கும் சரியாகவே ஓடியிருக்கும். கையில் கட்டிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"யாரும் கட்டாதீங்க மேடம். சாவி கொடுக்காதீங்க."

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். உட்புறத்தில் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு தழும்பு இருந்தது. கடிகாரத்தைத் துணியில் சுற்றி உள்ளே எடுத்துப் போனார். திறப்பு விழா அன்று அது ஓடாமல்தான் இருந்தது என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

இத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அன்று மாலை வெறுங்கையோடு கட்டிலருகே நின்று விழித்தேன்.

இன்னும் ஒரே ஒரு வழி இருந்தது. நான் வீட்டில் இல்லாமல் இருப்பது. அடுத்த நாள் பேருந்தில் ஏறி நாலு நிறுத்தம் தள்ளி இறங்கி, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலு முப்பத்தாறு வந்தது. நான் நானாகவே இருந்தேன். கண்ணாடி டம்ளரில் டீ ஆறியதைக் கூட என்னால் பார்க்க முடிந்தது. நாலு நாற்பது தாண்டியது. பயம் விட்டுப் போன களைப்பில் வீடு திரும்பினேன்.

தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொத்தானின் மேல் ஈரமாக ஒரு பெருவிரல் தடம்.

"வந்துட்டுப் போயிட்டாரு."

"யாருடா?"

"நீ இல்லாம... வர வேண்டாம்னு... சொல்லிடுண்ணே அவருகிட்ட." அவன் உதடு கோணியது. "உன் மூஞ்சியாவது... பாத்துக்கிட்டிருந்தேன். இப்ப மூஞ்சியே இல்ல."

அதன்பின் நான் எங்கும் போவதில்லை.

இரண்டு மாதம் அப்படியே ஓடியது. நாலரைக்குக் கடையைச் சாத்துவேன். பதிவை ஓடவிடுவேன். கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்வேன். எங்களுக்குள் அது மருந்து கொடுப்பது போல ஒரு வேலையாகிவிட்டது. மனிதன் எதற்கும் பழகிவிடுகிறான் என்பதில் எனக்கு இப்போது ஆறுதல் இல்லை.

"என்னண்ணே... உன் கூட்டாளி வர்ற நேரம் ஆச்சா?" என்பான்.

"பதில மறந்துடாதே."

"ரெண்டு மார்க்கு கேள்வி... இதுலயும் விடுவேனா?"

சில நாள் நான் கண்ணைத் திறக்கும்போது என் கன்னம் ஈரமாக இருக்கும். அது யாருடைய கண்ணீர் என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

போன வாரம் தம்பிக்கு மார்ச்சளி கண்டது. மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் நர்ஸ் ஊசி போட்டாள். "நல்லாத் தூங்குவார், எழுப்பாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். மதியம் இரண்டு மணிக்குத் தூங்கினான்.

நாலு மணிக்குக் கூப்பிட்டேன். அசையவில்லை.

நாலே காலுக்குத் தோளைக் குலுக்கினேன். தோளில் அவனுக்கு உணர்வே கிடையாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கன்னத்தில் தட்டினேன். குளிர்ந்த நீரைத் தெளித்தேன். இமைகள் மட்டும் துடித்தன.

பொத்தானின் மேல் ஓர் இரும்புத் தகட்டை வைத்து நாலு திருகாணியால் முடுக்கினேன். பதிவை ஓடவிட்டேன்.

"டேய், எழுந்திருடா. ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தூங்கு."

நாலு முப்பத்தைந்து.

"டேய்..."

கண்ணைத் திறந்தேன். நாலு நாற்பது.

நாலு திருகாணிகளும் மேஜைமேல் ஒரே வரிசையில் நின்றன. என் பெருவிரல் பொத்தானின் மேல் இருந்தது. மேலே மட்டும்தான். தம்பியின் மார்பு ஏறி இறங்கியது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்தேன். வெகுநேரம் அந்த மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு போனை எடுத்துப் பதிவைக் கேட்டேன்.

என் கெஞ்சல். பூட்ஸின் ஓசை. தரை எங்கள் வீட்டின் சிமெண்ட் தரையாக ஒலிக்கவில்லை, பலகை போல ஒலித்தது.

"கடந்துட்டியா?"

தம்பியின் குறட்டை. இயந்திரம் ஒரு மூச்சு ஏற்றி இறக்கியது.

"கடந்துட்டியா?"

பொத்தான் அழுந்தும் சிறு ஒலி. கீச்சொலி தொடங்கியது. ஒன்று. இரண்டு.

அப்போது இன்னொருவன் பேசினான்.

இளம் குரல். ஓடி வந்தவனுக்கு வாங்குவது போல மூச்சு வாங்கியது. எங்கள் வீட்டில் அப்படி மூச்சு வாங்குகிறவர் யாருமில்லை.

"இல்லண்ணா, இன்னும் இல்ல. பின்னால ஏழு பேர் வர்றாங்க. கொஞ்சம் பொறு."

கீச்சொலி நின்றது. வெகுநேரம் பலகைகளின் அடியில் நீர் ஓடுவது மட்டும் கேட்டது. முடிவில் என் குரல், நான் என் தம்பியிடம் ஒருநாளும் பேசியிராத மென்மையோடு:

"சரிடா. மெதுவா வா. இங்கதான் நிக்கறேன்."